வள்ளியம்மைக்கு எந்த அலமாரி

சென்ற கோடை விடுமுறையில் கல்லூரி நூலகத்தில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பழைய பதிவேட்டில் இருந்த புத்தகங்களைக் கோஹா மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். துறைக்கு ஒருவர் உட்கார்ந்து, தங்களுக்கு ஒதுக்கிய அலமாரியில் எண் சரியா, தலைப்பு சரியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வரலாற்றுத் துறையில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருந்தார், இன்னொருவர் விடைத்தாள் திருத்தப் போயிருந்தார். “தமிழ் மேடத்துக்கு நேரம் இருக்கும்” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தமிழ்த் துறைக்கு எப்போதும் நேரம் இருக்கும் என்பது கல்லூரிகளில் பழைய நம்பிக்கை. அப்படி என் தலையில் விழுந்தது 960, ஆப்பிரிக்க வரலாறு.

நான் முணுமுணுக்காமல் ஒத்துக்கொண்டதற்கு ஒரு மாணவி காரணம். முதுகலை இரண்டாம் ஆண்டு, முசிறிப் பக்கம். அவள் பாட்டியின் பாட்டியோடு கூடப்பிறந்தவள் ஒருத்தி ‘நெட்டாலு’க்குப் போனாளாம். கரும்புத் தோட்டத்துக்கு என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. கடிதம் இல்லை, படம் இல்லை. 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் முதல் கூலி ஒப்பந்த ஆட்களை டர்பனில் இறக்கியது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். அதில் ஒருத்தி இவள் வீட்டுப் பெண். அந்தப் பெண்களைப் பற்றி ஆய்வுத்திட்டக் கட்டுரை எழுதலாம் என்று நினைத்தவள், இரண்டு நாள் நூலகக் கணினியில் தேடிவிட்டு என்னிடம் வந்தாள்.

“மேம், ஆப்பிரிக்கான்னு போட்டா சிங்கமும் மண்டேலாவும்தான் வருது.”

சித்திரைத் தேர் முடிந்த வாரம் அது. காலையில் சமயபுரத்தில் பேருந்து ஏறினால், வேண்டுதல் முடித்துத் திரும்பும் மஞ்சள் சேலைக்காரம்மாக்கள் நெரிசலில் மடியில் பிரசாதப் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். நம்பர் 1 டோல்கேட் தாண்டி, கொள்ளிடம் தாண்டி, சத்திரத்தில் இறங்கி இன்னொரு பேருந்து. நூலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே எனக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள்.

அலமாரியில் பாதிப் புத்தகங்கள் ஓய்வுபெற்றவர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. முதுகில் வெள்ளை மையால் எழுதிய எண்கள். பதிவேட்டைப் பார்த்தால் ரொடீஷியா, தங்கனிக்கா, கோல்டு கோஸ்ட், அப்பர் வோல்டா என்று அந்தக் காலமே உட்கார்ந்திருந்தது. டூயி முறையில் 966.7 என்பது கோல்டு கோஸ்டாக இருந்தாலும் கானாவாக இருந்தாலும் அந்த நிலத்துக்குரிய எண்தான். மாற வேண்டியது பொருள் தலைப்பு. 1980இலேயே ஜிம்பாப்வே ஆகிவிட்ட நாட்டை எங்கள் பதிவேடு ரொடீஷியா என்றே வைத்திருந்ததால், ஜிம்பாப்வே என்று தட்டச்சு செய்கிறவளுக்கு ஒன்றும் கிடைக்காது. எரித்திரியா 1993, தெற்கு சூடான் 2011, எஸ்வாட்டினி 2018. எல்லாவற்றையும் இரண்டு நாளில் திருத்திவிட்டோம். நாடுகள் பெயர் மாற்றிக்கொண்டதைப் பட்டியலைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம்.

மூன்றாம் நாள்தான் அலமாரியை அலமாரியாகப் பார்த்தேன். நிக்ருமா, நைரேரே, கென்யாட்டா, லுமும்பா, மண்டேலா, இடி அமின். ஒரு பெண் இல்லை. நூலகரிடம் கேட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நிமிராமலே சொன்னார்: “இருக்காங்க மேடம். வேற வேற இடத்துல இருக்காங்க.”

தேடிப் போனோம். வின்னி மண்டேலாவின் தன்வரலாறு 305.4இல், அதாவது பெண்கள். போரை நிறுத்த லைபீரியப் பெண்களைத் திரட்டி மன்றோவியாவின் மீன் சந்தைப் பக்கம் வெள்ளை உடையில் உட்காரவைத்து, 2011இல் நோபல் பரிசு பெற்ற லேமா போவியும் அங்கேயே. கென்யாவின் வாங்காரி மாத்தாய் சுற்றுச்சூழலில், கழிவுநீர் மேலாண்மைப் பாடநூலுக்குப் பக்கத்தில். மரம் நட்டதற்காக மட்டும் அவரை அரசாங்கம் அடிக்கவில்லை, சிறையில் வைக்கவில்லை. உச்சமாக, டாக்டர் கூனமின் ‘கூலி டாக்டர்’ 610இல் இருந்தது. மருத்துவம். தலைப்பில் டாக்டர் என்று இருக்கிறதே! டர்பனில் பிறந்த தமிழ்ப்பெண், எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பி, 1946இல் இந்தியர்களின் நில உரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்துச் சிறை போனவர். அவருடைய புத்தகத்தை உடற்கூற்றியல் தேடி வந்த பிள்ளைகள் புரட்டிவிட்டு வைத்திருப்பார்கள்.

தில்லையாடி வள்ளியம்மை? தமிழில் அவரைப் பற்றிய மெல்லிய புத்தகங்கள் மூன்று இருந்தன. இரண்டு 954.035இல், இந்திய விடுதலைப் போராட்டத்தில், காந்தி நூல்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தன. மூன்றாவது சிறுவர் பகுதியில்.

வள்ளியம்மை 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். 1914 பிப்ரவரி 22 அன்று, சிறையில் பிடித்த காய்ச்சலோடு, அதே ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தார். வயது பதினாறு. தில்லையாடி அம்மாவின் ஊர். அந்த ஊர்ப்பெயரை முன்னால் சேர்த்து அவரை நம்மூர்ப் பெண்ணாக்கி, காந்தியின் வரலாற்றில் ஒரு கண்ணீர்ப் பக்கமாக்கி வைத்துக்கொண்டோம். எதற்காகச் சிறை போனார் என்று வகுப்பில் கேட்டால், பிள்ளைகள் ‘சுதந்திரத்துக்காக’ என்பார்கள். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்ற நீதிபதி சர்ல், கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் அந்நாட்டுச் சட்டத்தில் செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஒரே நாளில் அங்கிருந்த இந்து, முஸ்லிம் மனைவியர் எல்லோரும் வைப்பாட்டிகள் ஆனார்கள். பிள்ளைகளுக்கு வாரிசுரிமை இல்லாமல் போனது. அதோடு, ஒப்பந்தம் முடிந்த கூலிகளின் தலைக்கு ஆண்டுக்கு மூன்று பவுன் வரி. அக்டோபரில் டிரான்ஸ்வால் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, அனுமதியில்லாமல் எல்லை தாண்டி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய் வேலைநிறுத்தம் செய்யச் சொன்னார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் இறங்கினார்கள். பெண்களுக்குக் கடுங்காவல். தொழிற்சங்க வரலாறு என்று இதைச் சொல்லலாம், குடும்பச் சட்ட வரலாறு என்றும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும் தென்னாப்பிரிக்க அரசியல் வரலாறு.

எண் 968.05 என்றேன். ஒன்றிய காலம், 1961 வரை. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

“காந்தி பக்கத்துல தேடித்தான் மேடம் வருவாங்க. எடுத்துட்டுப் போய் அங்க வச்சா யாருக்குக் கிடைக்கும்?”

நியாயமான கேள்வி. அந்த மதியம் எனக்குப் பதில் கிடைத்தது 305.4இல். தென்னாப்பிரிக்காவில் பெண்கள் அனுமதிச் சீட்டுச் சட்டங்களை எதிர்த்தது பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று, யாரும் எடுத்த அடையாளமே இல்லாமல். அதே 1913இல், சில மாதங்கள் முன்பு, புளூம்ஃபான்டைனில் கறுப்பினப் பெண்கள் சீட்டு வைத்திருக்க மறுத்து ஊர்வலம் போய்ச் சிறைக்குப் போயிருக்கிறார்கள். ஒரே நாடு, ஒரே ஆண்டு, சிறைக்குப் போகும் இரண்டு கூட்டம் பெண்கள். அவர்கள் சந்தித்துக்கொள்ளவில்லை. இந்தியத் தலைமை தங்களைக் கறுப்பின மக்களோடு சேர்த்துப் பார்ப்பதை விரும்பவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 954இல் வைத்தால் வள்ளியம்மைக்குப் பக்கத்தில் காந்தி. 968.05இல் வைத்தால் பக்கத்தில் புளூம்ஃபான்டைன் பெண்கள். படிக்க வருகிறவள் கை நீட்டும்போது பக்கத்தில் எது இருக்கிறது என்பதில்தானே எல்லாம் இருக்கிறது.

டூயியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மெல்வில் டூயி 1876இல் இந்தப் பதின்ம முறையை வெளியிட்டார். 1887இல் கொலம்பியாவில் அவர் தொடங்கிய நூலகப் பள்ளியில் முதல் வகுப்பிலேயே பெரும்பாலும் பெண்கள்; அதற்காகப் பாராட்டுவார்கள். அதே ஆள் நூலகத்துறைப் பெண்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றிப் புகார்கள் எழுந்து 1906இல் சங்கத்திலிருந்து ஒதுங்க வேண்டிவந்தது. அவர் நடத்திய விடுதி மன்றத்தில் யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இடமில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கத்திலிருந்து அவர் பெயரை எடுத்தது 2019இல். பழைய பதிப்புகளில் பெண்களுக்கு எண் 396. 395 நாகரிக ஒழுங்குமுறை, 398 நாட்டார் வழக்காறு. விருந்தில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் பாட்டி கதைக்கும் நடுவில் நாம். 305க்கு வந்தது 1979இல்.

1930இல் வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழக நூலகத்தில் டோரதி போர்ட்டர் என்ற இளம் நூலகர் கறுப்பின மக்கள் பற்றிய தொகுப்பை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தார். அக்கால நூலகங்கள் கறுப்பினத்தவர் எழுதிய எதையும் இரண்டே எண்களில் அடைத்திருந்தன. 326 அடிமை முறை, 325 குடியேற்றம். கவிதைத் தொகுப்பானாலும் 325தான். போர்ட்டர் அதைப் பின்பற்றவில்லை. கவிதையைக் கவிதையில் வைத்தார், வரலாற்றை வரலாற்றில் வைத்தார். யாரிடமும் பெரிதாக அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை. இதை நான் அக்காவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “தனியாவா செஞ்சாங்க? எத்தனை புத்தகம்?”

பெயர் வைப்பதும் எண் வைப்பதும் ஒரே வேலை. 1929இல் தென்கிழக்கு நைஜீரியாவில் பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்று இக்போ, இபிபியோ பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆங்கில அரசு ‘அபா கலவரம்’ என்று எழுதியது. அந்தப் பெண்கள் தங்கள் மொழியில் அதைப் போர் என்றார்கள், பெண்கள் போர். எங்கள் பதிவேட்டில் கலவரம் என்றிருந்தது. அதை மாற்றினோம்.

ஆனால் என் வேகத்தை நானே சந்தேகிக்க வேண்டிய கட்டம் ஒன்று வந்தது. நான் இழுத்து இழுத்து வரலாற்றுக்கு அனுப்ப, 305.4 அலமாரி காலியாகிக்கொண்டிருந்தது. மாணவிகள் நேராகப் போய் நிற்கும் இடம் அது. பதினைந்து வருடம் முன்பு ஒரு பேராசிரியை சண்டைபோட்டு வாங்கிய அலமாரி. “பொம்பளைங்களுக்குன்னு இருந்த ஒரு இடத்தையும் காலி பண்ணிட்டீங்கன்னு சொல்வாங்க மேடம்” என்றார் அக்கா. எனக்குச் சட்டென்று என் முனைவர் பட்ட ஆய்வேடு நினைவுக்கு வந்தது. அதில் ‘பெண் கவிஞர்கள்’ என்று ஒரு தனி இயல் வைத்திருந்தேன். மற்ற நான்கு இயல்களின் தலைப்பில் ‘ஆண்’ என்று போடவில்லை. என் கவிதைத் தொகுப்புகள் இரண்டும் எங்கள் நூலகத்தில் எங்கே இருக்கின்றன என்று அன்று போய்ப் பார்த்தேன். 305.4. காதலைப் பற்றியும் கொள்ளிடத்து மணலைப் பற்றியும் எழுதியவை. கோபம் வந்தது. ஆனால் அங்கே இருந்ததால்தான் அவற்றை நாலு பிள்ளைகளாவது எடுத்திருந்தார்கள் என்பதும் தேதித்தாளில் தெரிந்தது.

சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் இதற்கு ஒரு வழி யோசித்திருந்தார். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில் எண்ணை எடுத்து ஒட்டுவதில்லை, கட்டுவார்கள். V வரலாறு, 6 ஆப்பிரிக்கா, பிறகு காலம் என்று கோத்துக்கொண்டே போகலாம். (அவருடைய சீர்காழியும் வள்ளியம்மையின் தில்லையாடியும் இன்று ஒரே மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கின்றன.) ஆனாலும் புத்தகத்துக்கு உடம்பு ஒன்றுதான். ஏதோ ஒரு பலகையில்தான் அது நிற்க முடியும். கணினிப் பதிவுக்கு அந்தக் கட்டு கிடையாது, எத்தனை பொருள் தலைப்பு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பொருள் தலைப்புக் கட்டத்தை எங்கள் நூலகத்தில் யாரும் ஒன்றுக்கு மேல் நிரப்பியதில்லை, அவ்வளவுதான். ஒரு புத்தகத்துக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும், சம்பளம் அதே.

நானும் அக்காவும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அரசியல் செய்தவர்கள் அரசியல் வரலாற்றுக்குப் போவார்கள். பதிவில் பெண்கள், தொழிலாளர், திருமணச் சட்டம், தமிழர் புலம்பெயர்வு என்று எல்லாக் கதவும் திறந்திருக்கும். 305.4 பலகையில் காலியான இடத்தில் ஒரு அட்டை: இன்னின்னார் இன்னின்ன எண்ணில் இருக்கிறார்கள். அக்காவே முத்துமுத்தான கையெழுத்தில் எழுதினார். என் கவிதைகளையும் மாற்றச் சொன்னேன். 894.8111, தமிழ்க் கவிதை. ஆங்கிலக் கவிதைக்கு 821 மூன்றே இலக்கம். நமக்கு 890 என்ற ‘பிற’ இலக்கியங்களுக்குள் புகுந்து ஏழு இலக்கம். ஆப்பிரிக்க மொழி இலக்கியங்கள் 896. கூகி வா தியாங்கோ சிறையில் கழிப்பறைத் தாளில் கிக்கூயு மொழியில் எழுதிய நாவல் எங்கள் நூலகத்தில் சங்கப் பாடல்களுக்கு அடுத்த பலகையில் இருப்பதை அன்றுதான் கவனித்தேன். ஒதுக்கி வைத்த இடத்தில் கிடைத்த அண்டைவீடு.

எல்லாம் நாங்கள் நினைத்தபடி நடந்துவிடவில்லை. நூலகக் குழுக் கூட்டத்தில் ஒருவர், தில்லையாடி வள்ளியம்மையை ஆப்பிரிக்கர் ஆக்குவது சரியா என்று கேட்டார். அவமதிப்பாகிவிடும் என்று உண்மையாகவே பயந்தார். பிறந்த ஊரும் இறந்த ஊரும் ஜோகன்னஸ்பர்க் என்றேன். “ரத்தம் நம்ம ரத்தம்தானே மேடம்” என்றார். கடைசியில் ஒரு பிரதி 954லேயே இருக்கட்டும் என்று முடிவானது. சிறுவர் பகுதியில் இருந்தது அங்கேயே இருக்கிறது. 968.05க்கு வந்தது ஒன்று. ‘கூலி டாக்டர்’ வந்துவிட்டார், அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜூன் கடைசியில் மாணவியை அழைத்தேன். கணினி முன் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். ‘நெட்டால்’. பூஜ்யம் என்று வந்தது.

“இல்லையே மேம்.”

அக்கா எட்டிப் பார்த்தார். நாங்கள் ‘நேட்டால்’ என்று பதிந்திருந்தோம்.

“உங்க வீட்ல எப்படிச் சொல்வாங்க, சரியாச் சொல்லும்மா” என்றார் அக்கா.

“நெட்டால். பாட்டி சில சமயம் நெட்டாலுச் சீமைம்பாங்க.”

அக்கா அவளை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, ‘காண்க’ என்ற கட்டத்தைத் திறந்து, இரண்டையும் எழுத்துக் கூட்டித் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.