காலை 11.36

அந்த வழக்கில் வங்கியும் நாங்களும் மோதிக்கொண்டது 28 நிமிடங்களுக்காக. காலை 11.36-க்கே தகவல் சொல்லிவிட்டோம் என்பது எங்கள் கட்சி. 12.04-க்குத்தான் புகார் வந்தது என்பது வங்கியின் கட்சி. அந்த இடைவெளியில் 83,900 ரூபாய் போயிருந்தது.

என் கட்சிக்காரர் மதுரை மாவட்டத்தில் உதவிபெறும் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வரும் வங்கியிலேயே வற்புறுத்தி ஒரு கிரெடிட் கார்டு கொடுத்திருந்தார்கள். மருந்துக் கடை, ஜவுளிக் கடை, ஆன்லைனில் மின்கட்டணம், இவ்வளவுதான் அதன் உபயோகம். 2022-இல் ஒரு நாள் காலை அவருக்கு அழைப்பு வந்தது. பேசிய பெண் நல்ல தமிழில், பதமாகப் பேசியிருக்கிறார். "சார், உங்க கார்டுக்கு வருசக் கட்டணம் 2,999 ரூபாய் இந்த மாச பில்லுல ஏறப்போகுது. வேணாம்னா சொல்லுங்க, இப்பவே கேன்சல் பண்ணித் தர்றேன்."

அவர் தயங்கினார். உடனே அந்தப் பெண் கார்டின் முதல் ஆறு எண்களைத் தானே சொல்லி, "மீதியை நீங்க சொல்லுங்க, சரிபார்த்துக்கறேன்" என்றார். ஆறும் சரியாக இருந்தன. அங்கேதான் அவருக்கு நம்பிக்கை பிறந்தது. இந்த இடத்தை நான் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் நிறுத்திச் சொல்வேன். கார்டின் முதல் ஆறு எண்கள் உங்களைக் குறிப்பவை அல்ல. எந்த வங்கி, எந்த வகைக் கார்டு என்பதைக் குறிப்பவை. அந்த வங்கியில் அதே வகைக் கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் அவை ஒன்றுதான். அவற்றைச் சொல்ல உங்கள் கார்டைப் பார்த்திருக்க வேண்டியதே இல்லை.

மீதி எண்கள், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று எண்கள் எல்லாம் போயின. பிறகு ஓடிபி வந்தது. "அது கேன்சல் நம்பர் சார்" என்றிருக்கிறார் அந்தப் பெண். குறுஞ்செய்தியிலேயே 48,600 ரூபாய் என்று தொகையும், பணம் போகும் வாலட் நிறுவனத்தின் பெயரும் இருந்தன. அவர் கண் ஆறு இலக்கத்தை மட்டும் தேடிப் படித்தது. பேசிக்கொண்டே படிக்க வைப்பதுதான் அவர்கள் தொழில். போனை வைத்துவிட்டு நிதானமாகப் படித்திருந்தால் அவருக்கே புரிந்திருக்கும்.

11.31-க்குப் பணம் போனது. 11.36-க்குக் கார்டின் பின்னால் இருந்த வங்கியின் சென்னை எண்ணை அழைத்தார். மொழிக்கு ஒன்றை அழுத்து, கார்டுக்கு மூன்றை அழுத்து, மோசடிப் புகாருக்கு இரண்டை அழுத்து. அழுத்தினார். இசை ஒலித்தது. 11.41-க்கு 39,900. 11.49-க்கு 44,000. இரண்டும் வெளிநாட்டு இணையக் கடைகள். இவற்றுக்கு ஓடிபி வரவே இல்லை. கார்டைத் தேய்க்காமல் நடக்கும் உள்நாட்டு ஆன்லைன் பரிவர்த்தனைக்கு இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று 2009-இலேயே ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கிவிட்டது. வெளிநாட்டுக் கடைக்காரரை அந்த விதி அப்போது கட்டவில்லை. கார்டு விவரம் மட்டுமே போதுமாக இருந்தது. காத்திருந்த அழைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டது. திரும்ப அழைத்து ஆள் கிடைத்து, கார்டு முடக்கப்பட்டபோது மணி 12.04.

அவர் இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பெங்களூரில் இருக்கும் மகள் மறுநாள் மாலை எதற்கோ பேசியபோது குரலை வைத்துக் கண்டுபிடித்து, சைபர் மோசடிகளுக்கான 1930 உதவி எண்ணில் புகார் செய்ய வைத்தார். அதற்குள் வாலட்டில் ஏறிய பணம் கைமாறிப் போயிருந்தது. 1930-க்குச் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கோ வாலட்டுக்கோ தகவல் போகும், பணம் அங்கே இருந்தால் நிறுத்திவைப்பார்கள். இருந்தால்தான். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஏமாந்துவிட்டேன் என்று சொல்லக் கூசியதில் ஒன்றரை நாள் போனது. இதில் கூச்சப்பட வேண்டியவர் அவர் அல்ல. ஆனால் ஏமாற்றுகிறவர்கள் இந்தக் கூச்சத்தையும் கணக்கில் வைத்துத்தான் வயதானவர்களைத் தேடுகிறார்கள்.

வங்கி கையை விரித்தது. "ஓடிபி கொடுத்தது நீங்கள், மூன்றுக்கும் நீங்களே பொறுப்பு" என்று இரண்டு வரியில் மின்னஞ்சல். மகளோடு அவர் என் அலுவலகத்துக்கு வந்தார்.

இந்த மாதிரி வழக்குகளுக்கு அப்போது அடிப்படை 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. அதன்படி தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே கிடையாது. இருவர் மீதும் தவறில்லாமல் மூன்றாமவரால் நடந்து, மூன்று வேலைநாளுக்குள் சொல்லிவிட்டாலும் அப்படியே. வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைக் கொடுத்துவிட்டால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஏற்படும் இழப்பு முழுவதும் அவருடையது. சொன்ன பிறகு ஏற்படுவது வங்கியுடையது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்பதை மெய்ப்பிக்க வேண்டிய சுமையும் வங்கியின் மேல்தான்.

ஆகவே நான் அவரிடம் நேராகச் சொன்னேன்: "சார், முதல் 48,600-ஐ விட்டுடுவோம். அது நீங்க ஓடிபி சொன்னதால போனது. அதையும் சேர்த்துக் கேட்டா மத்த ரெண்டுக்கும் பலம் குறையும்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "தப்பு என்னோடதுன்னு நீங்களே எழுதிக் கொடுக்கப் போறீங்களா, வக்கீல் சார்?" என்றார். மகள் ஏதோ சொல்ல வர, கையமர்த்தினார். நான் சுற்றறிக்கையை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். படித்து முடித்து, "சரி, உள்ளதைச் சொல்லுவோம்" என்று வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்.

மதுரை நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்தோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வங்கியின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை.

முதல் வாதம் நேரம். செல்பேசி நிறுவனத்திடமிருந்து வாங்கிய அழைப்புப் பட்டியலை, மின்னணுச் சான்றுக்கு அன்று வேண்டியிருந்த 65-பி சான்றிதழோடு தாக்கல் செய்தேன். 11.36-க்கு வங்கி எண்ணுக்கு இணைப்புக் கிடைத்து, 14 நிமிடம் நீடித்திருந்தது. "ஊழியரிடம் பேசினால்தான் புகார், இயந்திரத்தில் பொத்தானை அழுத்தியது புகார் ஆகாது" என்றார் எதிர்தரப்பு வக்கீல். வங்கிக்குத் தகவல் சொல்ல 24 மணி நேரமும் வழி இருக்க வேண்டும், குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்பியே சொல்ல முடிய வேண்டும், தகவல் வந்த நேரத்தை வங்கியின் இயந்திரம் பதிவுசெய்ய வேண்டும் என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. வங்கி அனுப்பிய குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்ப வழியே இல்லை. அன்றைய அழைப்புப் பதிவைத் தாக்கல் செய்யும்படி மனுப் போட்டோம். ஆணையமும் உத்தரவிட்டது. வாய்தா வாங்கினார்களே தவிர, பதிவு கடைசிவரை வரவில்லை.

இரண்டாவது வாதம் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு ஒருபோதும் பயன்படுத்தாத கார்டுகளில் அந்த வசதியை வங்கி முடக்கிவைக்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு, அந்த ஆண்டு அக்டோபரில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. வேண்டுமென்றால் வாடிக்கையாளரே திறந்துகொள்ள வேண்டும். இவரிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. அவர் திறக்காத கதவு 2022-இல் எப்படித் திறந்திருந்தது? இந்தக் கேள்விக்கு எதிருரையில் ஒரு வரிகூட இல்லை.

ஆணையம் இரண்டு வாதங்களையும் ஏற்றது. 83,900 ரூபாயையும், அதன்மேல் ஏறிய வட்டி, அபராதத்தையும் வங்கி நீக்க வேண்டும், மன உளைச்சலுக்கு 15,000, வழக்குச் செலவுக்கு 5,000 தர வேண்டும் என்று ஆணை. முதல் 48,600 புகார்தாரரின் பொறுப்பு. அதை அவர் முன்பே கட்டியிருந்தார். காவல்துறை தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி பிரிவில் பதிந்த வழக்கு மட்டும் நகரவில்லை. அழைத்த சிம் கார்டு சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் பெயரில் இருந்தது.

ஆணை வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருந்தது. புகார் செய்த பத்து வேலைநாளுக்குள் அந்த 83,900 ரூபாயை வங்கி தற்காலிகமாகத் திருப்பி வரவு வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அவரும் கட்ட மறுத்துவிட்டதால், பாக்கிதாரர் என்று, கடன் வரலாற்றைத் தொகுக்கும் சிபில் நிறுவனத்தின் பதிவில் ஏறிவிட்டது. மகளின் வீட்டுக் கடனுக்கு அவர் உடன் கையெழுத்துப் போடப் போனபோதுதான் அது தெரிந்தது. ஆணையின் நகலை இணைத்து வங்கிக்கும் சிபிலுக்கும் பதிவுத் தபாலில் எழுதி, நினைவூட்டலும் அனுப்பிய பிறகே அந்தப் பதிவு திருத்தப்பட்டது. 2024 ஏப்ரல் முதல் இப்படிப்பட்ட திருத்தம் 30 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அதனால் கார்டு மோசடி என்று வருகிறவர்களிடம், அழைப்புப் பட்டியலோடு சிபில் அறிக்கையையும் முதல் நாளே எடுத்துவரச் சொல்கிறேன்.