சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு துரை

தேனிப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா? இருந்தால் கவனித்திருப்பீர்கள். சின்னமனூர் தொடங்கி கூடலூர் வரை நிறைய வீடுகளில் முருகன், மாரியம்மன் படங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு வெள்ளைக்காரரும் மாட்டியிருப்பார். பெரிய மீசை, கோட்டு, விறைப்பான பார்வை. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்!

"யாருத்தா இந்தத் தாத்தா?" என்று சின்ன வயசில் அப்பத்தாவிடம் கேட்டிருக்கிறேன். "தாத்தாவா? பென்னிக்குக்கு தொரைடா. அவரு தண்ணி குடுக்கலேன்னா உனக்குச் சோறு ஏது?" என்றாள்.

வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் ஆல்பம் பார்த்திருப்பீர்கள்தானே? துபாய் போன மச்சான் யாருடைய காரிலோ சாய்ந்து சிரிப்பார். பத்து வருஷம் வெயிலில் அவர் கம்பி கட்டிய இடம் மட்டும் ஒரு படத்திலும் இருக்காது. துரை படமும் அந்த வகைதான். மலை இல்லை, மழை இல்லை, காய்ச்சல் இல்லை.

அவருக்கு எது வெளிநாடு என்பதே குழப்பம்தான். பிறந்தது 1841-ல், புனேயில். படிப்பு இங்கிலாந்தில். 1860-ல் மதராஸ் மாகாணத்து வேலைக்கு வந்தவர், ஓய்வு பெற்றது 1896-ல். அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. 1899-ல் பிரிஸ்பேன் நதி வெள்ளத்துக்கு வழி சொல்ல ஆஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டார்கள், போனார்.

அணை வேலை 1887-ல் ஆரம்பித்தது. யானையும் புலியும் திரிந்த காடு. ஆற்றை மறித்துத் தற்காலிகமாகப் போட்ட தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். மறுபடி கட்டுவார்கள், மறுபடி போகும். அடிவாரத்திலிருந்து கம்பிவடத்தில் சாமான் ஏறியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்துக் கட்டிய அணை அது. மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரை, ஒரு மைலுக்கு மேல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். இன்றைக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அந்தத் தண்ணீர்தான். நீங்கள் தின்கிற பன்னீர் திராட்சையிலும் கொஞ்சம் இருக்கும்.

சர்க்கார் பணம் தராததால் துரை இங்கிலாந்துச் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஆதாரம் கிடையாது. கட்டியது மதராஸ் சர்க்கார் பணத்தில்தான். இதைச் சொன்னால் ஊரில் அடிக்க வருவார்கள். ஆனால், வெள்ளம் கொண்டுபோன இடத்திலேயே திரும்பத் திரும்பப் போய் நின்ற மனுஷனுக்கு, விற்ற சொத்துக் கதை எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மலேரியா அங்கே கொத்துக் கொத்தாக ஆள் எடுத்தது. அணைக்குப் பக்கத்துக் காட்டில் சில வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் உண்டு. கல் சுமந்த, சுண்ணாம்பு அரைத்த கூலிகளில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பேரும் இல்லை. அப்பத்தாவின் தாத்தா அப்படி மலையேறியவர்தான். மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார், திரும்பவில்லை. எந்த வருஷம் என்று அவளுக்கும் தெரியாது. வீட்டில் போட்டோ? கூலிக்காரனை அந்தக் காலத்தில் யார் படம் பிடித்தார்கள்!

துரையின் பிறந்தநாள் ஜனவரி 15. பொங்கலை ஒட்டியே வருவதால் பாலார்பட்டிக்காரர்கள் அவருக்கென்றே பொங்கல் வைப்பார்கள். எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால், அப்பத்தா அந்தப் படத்துக்கு முன்னால் ரெண்டு இலை போடுவாள். ஒன்று துரைக்கு. இன்னொன்று யாருக்கு என்று கேட்டால், "கூடப் போன ஆளுக்கு" என்பாள். தாத்தாவுக்குப் படம் இல்லாததால் துரை படத்தையே அவருக்கும் வைத்துக்கொண்டாள்.

2022-ல் தமிழக அரசு, துரை கடைசிக் காலத்தில் வாழ்ந்த இங்கிலாந்தின் கேம்பர்லியில் அவருக்குச் சிலை வைத்தது. லண்டனில் வேலை பார்க்கும் என் தம்பி முறைப் பையன் அங்கே போய், சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினான். கூடலூரில் நெல் போடுகிற சித்தப்பாவிடம் செல்போனை நீட்டினேன். கும்பிடுவார் என்று நினைத்தேன். படத்தை விரலால் பெரிசாக்கி, துரையைத் தாண்டிப் பின்னாலிருந்த புல்லையே பார்த்தார்.

"பச்சைப் பசேல்னு கெடக்கே... அங்க மொதபோகத்துக்கு எந்த மாசம்டா தண்ணி தொறக்குறாக?"