மோயாற்றைத் தாண்டி கோழிக்கோடு

நாமக்கல்லிலிருந்து கோழிக்கோட்டுக்குப் பாலக்காடு வழிதான் சுருக்கம். காடு பார்க்க ஆசைப்படுபவர்கள் சத்தியமங்கலம் வழியே போகலாம். பண்ணாரி தாண்டியதும் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள். பிறகு சாமராஜநகர், பந்திப்பூர், முதுமலை. பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகளை விடமாட்டார்கள். பகலிலேயே கடந்துவிட வேண்டும்.

தெப்பக்காட்டில் பாலத்துக்குக் கீழே ஓடுவது மோயாறு. பார்க்கச் சின்ன ஆறுதான். ஆனால் பவானிசாகர் அணையில் சேர்ந்து, கீழ்பவானி, காலிங்கராயன் வாய்க்கால்கள் எடுத்ததுபோக மிச்சம் கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. ஜேடர்பாளையத்தில் பிரியும் ராஜவாய்க்காலில் பரமத்தி வேலூர் கொடிக்காலுக்கும் வாழைக்கும் வருவதில் இந்தக் காட்டின் மழையும் உண்டு. மேட்டூர் நீர்மட்டத்தை மட்டுமே பார்த்துப் பழகிய நம் பக்கத்துக்காரர்களுக்கு இது புதுக் கணக்கு.

கூடலூர், நாடுகாணி, நிலம்பூர் தேக்குக் காடு என இறங்கினால் கோழிக்கோடு. மிட்டாய்த் தெருவில் அல்வா வாங்கிக்கொண்டு, பொழுது சாயக் கடற்கரையில் உட்காரலாம்.