ஈரச் சுவரும் பச்சைப் பலகையும்

சென்ற ஆகஸ்ட் விடுமுறையில், என் வகுப்பிலிருந்து பாதியில் நின்றுபோன மாணவன் ஒருவனிடம் மூன்று நாட்கள் கையாளாக வேலை செய்தேன். அவன் நின்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்று அவன் கொண்டுவந்த தமிழ்க் கொப்பி நீரில் ஊறிய அப்பளம்போல் உப்பியிருந்தது. எழுத்துக்கள் கரைந்து நீலக் கறைகளாகியிருந்தன. "உனக்குப் படிப்பு எதற்கு? சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத்தான் நீ லாயக்கு" என்று நாற்பது பேர் முன்னிலையில் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அடுத்த மாதம் அவன் வரவில்லை. கொழும்புக்குப் போய்விட்டான் என்றார்கள்.

கொப்பி ஏன் நனைந்தது என்பதை அறியாதவனல்லன் நான். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தின் லயத்தில் பிறந்து, பேராதனையில் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவன். என் சிறுவயதுக் கொப்பிகளும் அப்படித்தான் உப்பின. பட்டமும் உத்தியோகமும் நகரத்து வாடகை வீடும் கிடைத்த சில ஆண்டுகளில் அதை எப்படி மறந்தேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் தாயார் இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். நகரத்துக்கு வா என்றால், "அங்க எனக்கு யாரத் தெரியும்?" என்பார். மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்கிக் கட்டிய லயம் அது. ஒரு காம்பரா, ஒரு சிறு இஸ்தோப்பு, புகை சூழ்ந்த அடுப்படி. தலைக்கு மேல் தகரம். பின்சுவர் சரிவை ஒட்டி நிற்கிறது. தென்மேற்குப் பருவ மழை இறங்கினால் ஹட்டன், வட்டவளைப் பக்கத்தில் நாட்கணக்கில் வெயிலைக் காணமுடியாது. அப்போது அந்தச் சுவரில் கை வைத்தால் கை நனையும். தீபாவளிக்கு அடித்த சுண்ணாம்பு பங்குனிக்குள் பொருக்காய் உதிரும்; கீழ்ப்பாகத்தில் கரும்பூஞ்சணம் படரும். அம்மாவின் இருமலும் சுவரோடு சேர்ந்தே கூடும், சுவரோடு சேர்ந்தே குறையும்.

ஈரப்பதம் தாங்கும் ஜிப்சம் பலகை என்று ஒன்று இருப்பதாகவும், அதைச் சுவரில் அறைந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் நண்பர் ஒருவர் சொன்னார். எட்டடிக்கு நாலடி அளவில், பச்சைக் காகிதம் ஒட்டிய நான்கு பலகைகளை வாங்கி லொறியில் ஏற்றினேன். வேலை தெரிந்த ஆளைத் தேடியபோது எல்லாரும் ஒருவனையே காட்டினார்கள். கொழும்பில் மாடிக் கட்டடங்களுக்குச் சீலிங்கும் தடுப்பும் அடித்துத் தேர்ந்து, ஊர் திரும்பிய ஒரு பாஸ். அவனேதான்!

வந்தவன் பலகையைப் பார்க்கவில்லை. சுவரைத் தட்டினான், மோந்தான், நகத்தால் சுரண்டினான். பிறகு இரண்டடிச் சதுரமாய் பொலித்தீன் துண்டொன்றை வெட்டி, நான்கு விளிம்பையும் சுவரோடு காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டினான்.

"ரெண்டு மூணு நாள் இருக்கட்டும் சேர். தண்ணி எந்தப் பக்கம் நிக்கிதுன்னு பாப்போம். உள்பக்கம் நின்னா சுவருக்குள்ளேருந்து வருது. வெளிப்பக்கம் நின்னா நம்ம மூச்சும் ஒல ஆவியும் குளுந்த சுவருல படியிது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற."

காத்திருக்கும் நாட்களில் தன் வேலைத்தலத்துக்கு வரச்சொன்னான். உதவியாளன் கொழும்புக்குப் போய்விட்டானாம். விளையாட்டாகச் சொன்னதை நான் மெய்யாக எடுத்துக்கொண்டேன்.

அது ஒரு பழைய துரை பங்களா. உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வேலை செய்தது குளியலறையில். நாகம் பூசிய தகரச் சட்டங்கள் இரண்டடி இடைவெளியில் ஏற்கெனவே நிமிர்ந்து நின்றன. தண்ணீர்க் குழாய்களை அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகே பலகையைத் தொட்டான். "மூடுனதுக்கு அப்புறம் ஒழுகுனா ரெண்டு தடவ செலவு" என்றான். பலகையை அறுப்பதில்லை. கத்தியால் முன்பக்கக் காகிதத்தைக் கீறி, பின்புறம் மடக்கினால் உள்ளிருக்கும் கல் நேராக முறிகிறது. மறுபக்கத் தாளை வெட்டினால் போதும். நிறுத்தும்போது தரையோடு முட்டவிடாமல் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைய இடைவெளி விட்டான். தரையில் தண்ணீர் நின்றால் பலகையின் வெட்டுவாய் அதை உறிஞ்சிக்கொள்ளுமாம். அந்த இடைவெளியில் பிற்பாடு ரப்பர்போல் இறுகும் பசை நிரப்பப்படும்.

திருகாணி ஒவ்வோர் அடிக்கும் ஒன்று. அதன் தலை காகிதத்தைக் கிழிக்காமல், ஆனால் காகித மட்டத்துக்குச் சற்றே கீழே அமிழவேண்டும். நான் அடித்த முதல் பத்தில் ஏழு காகிதத்தைத் துளைத்துக்கொண்டு போயின. அவன் சிரிக்கவில்லை. "பலகையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது அந்தத் தாள்தான் சேர். தாள் கிழிஞ்சா திருகாணி சும்மா நிக்கிது" என்று சொல்லி, இரண்டு அங்குலம் தள்ளி வேறொன்றை இறுக்கினான். பிழை செய்தவனிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதை ஆசிரியப் பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பார்த்துப் படித்தது அங்கேதான்.

ஜிப்சம் ஒரு விந்தையான கல். கல்சியம் சல்பேற்றும் நீரும் பிணைந்தது. அதன் எடையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு நீர்தான். ஏறத்தாழ 150 பாகை வெப்பத்தில் வறுத்தால் அந்த நீரில் முக்காற்பங்கு பிரிந்து வெண்பொடியாகும். பாரிஸ் நகரத்து மோன்மார்த்ர் குன்றில் இதை வெட்டி வறுத்ததால் 'பாரிஸ் சாந்து' என்று பெயர். மறுபடி நீர் ஊற்றினால் இழந்ததை வாங்கிக்கொண்டு கல்லாகிறது. அதைக் காகிதங்களுக்கிடையே பரப்பிப் பலகையாக்கும் முறைக்கு அமெரிக்காவில் சாக்கெட் என்பவர் 1894ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். தீப்பிடித்தால் கல்லுக்குள் இருக்கும் நீர் ஆவியாகி நெருப்பைத் தாமதப்படுத்துகிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் நீரை அதற்குத் தாங்கத் தெரியாது, ஊறிக் குழைந்துவிடும். அதனால்தான் குளியலறைப் பலகைக்கு மெழுகோ சிலிக்கோனோ கலந்து, தாளையும் நீர் ஒட்டாதபடி பதப்படுத்துகிறார்கள். ஐரோப்பியத் தரவிதியில் முதல் வகுப்புப் பலகை இரண்டு மணி நேரம் நீரில் மூழ்கிக் கிடந்தாலும் தன் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் நீரை உறிஞ்சக்கூடாது. இரண்டு மணி நேரம்! எங்கள் மழை இரண்டு மணி நேரத்தில் நிற்பதில்லை.

இந்தக் கல் திருச்சிச் சீமையின் ஊட்டத்தூர்ப் பக்கத்து மண்ணிலும் கிடைக்கிறது. எங்கள் பாட்டன் பூட்டன்மாரில் பலர் திருச்சியிலிருந்தும் சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள். வறண்ட மண்ணை விட்டு ஈர மண்ணுக்கு வந்தவர்கள் என்று வேலையினூடே நினைத்துக்கொண்டேன்.

அறைவதைவிட முடிப்பதுதான் அதிகப் பொறுமையைக் கேட்கிறது. பலகைகள் சேரும் இடத்தில் சாந்து பூசி, அதில் காகித டேப்பைப் பதித்து, மேலே மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் முன்னையதைவிட அகலம். ஒன்று காய்ந்த பிறகே மற்றொன்று. கொழும்பில் ஒரு நாளில் காய்வது இங்கே மூடுபனியில் இரண்டு நாளாகியும் விரலில் ஒட்டுகிறது. விடுதிக்காரரின் ஆள் காலையும் மாலையும் வந்து அவசரப்படுத்தினார். "பனிகிட்ட நீங்களே பேசுங்க" என்றான் அவன். முதலில் முடித்திருந்த சுவர் காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தோம். விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், நேர்வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளமெல்லாம் நிழல் விழுந்து தெரியும். விளக்குப் பிடித்தவன் நான்.

தண்ணீர் நேரே விழும் இடத்தில் பச்சைப் பலகையையும் அவன் நம்பவில்லை. மூலைகளில் துணிப்பட்டி ஒட்டி, நீர்புகாப் பூச்சை இரண்டு முறை தடவினான். அதன்மேல்தான் மாபிள் ஒட்டுவதாம். ஏன் என்று கேட்டேன். "ஈரக் காத்துக்குத்தான் சேர் இந்தப் பலக. ஈரத்துக்கு இல்ல."

மூன்றாம் நாள் மதியம் பாணும் சம்பலும் தின்றுகொண்டிருக்கையில், எட்டு ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். நான் அன்று சொன்னது தவறு என்றேன். அவன் பாணைப் பிய்த்தபடி சிறிது நேரம் பேசவில்லை. "சுண்ணாம்பு அடிக்கிறதும் லேசுல்ல சேர்" என்றான் பிறகு. "ஆனா அன்னைக்கி அந்தக் கொப்பிய நான் அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்டு ராத்திரியெல்லாம் காய வச்சிருந்தேன். அத நீங்க கேக்கல." அதற்கு மேல் அவனும் பேசவில்லை, என்னாலும் முடியவில்லை.

அந்தக் குளியலறையின் ஒரு சுவருக்குச் சட்டம், பலகை, சாந்து, பூச்சு, மாபிள் என்று ஐந்து காப்பு. வருகிற பயணி இரண்டு இரவு தங்குவார். 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட நாளிலிருந்து இந்த மலைகளில் கொழுந்து பறிக்கிறவர்களோ, தலைமுறை தலைமுறையாக ஒற்றைச் சுவருக்குப் பின்னால் கிடக்கிறார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. இத்தனைக்கும் பின்னர் குடிமகனாகிவிட்டவன் தன் சுவரில் ஓர் ஆணி அடிக்க உரிமையுள்ளவனா என்றால், லயத்தில் அவ்வுரிமை இல்லை. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு பெற்றவர்களும் இருக்கிறார்கள். 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து, மேலும் பத்தாயிரம் வீடுகள் என்று அறிவித்தபோது கூட்டத்தில் நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். என் அம்மாவின் லயம் இன்னும் அப்படியே நிற்கிறது.

அன்று மாலை இருவரும் லயத்துக்குப் போய்ப் பொலித்தீனை உரித்தோம். உள்பக்கம் ஆற்றுமணலில் ஊற்றுப் பறித்தாற்போல் நீர். வெளிப்பக்கமும் சிறு துளிகள் இருந்தன. தகரக் கூரையும் அடுப்பும் உள்ள அறையில் அது இயல்பே. அவன் லயத்தின் பின்புறம் சென்றான். நானும் பின்தொடர்ந்தேன். பிறந்து வளர்ந்த வீட்டின் பின்பக்கத்தை நான் ஒழுங்காகப் பார்த்தது அன்றுதான். சரிவிலிருந்து இறங்கிய மண், சுவரோடு இரண்டடி உயரத்துக்கு ஏறிக் கிடந்தது. மழைநீர் போகவேண்டிய கான் புல் மூடி, இருந்த இடமே தெரியவில்லை. மலையின் நீரெல்லாம் எங்கள் சுவரில் சாய்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தது.

"இதுக்கு மேல பலகய அடிச்சா சுவரு மறையும். ஈரம் உள்ளயே இருந்து பூஞ்சணம் தாளத் தின்னும். அம்மாவுக்கு இருமல் இன்னும் கூடும். நான் அடிக்கமாட்டேன் சேர்."

சுவரில் சாய்ந்து நின்ற அம்மா, "இந்தக் கான வெட்டச் சொல்லி நான் பெரட்டுக் களத்துல தொரகிட்ட சொல்லி இருவது வருசமாச்சி. ஒங்கிட்டயும் சொன்னேன்" என்றார். சொல்லியிருக்கிறார்தான். பச்சைப் பலகையைப் பற்றி நண்பர் ஒருமுறை சொன்னது காதில் ஏறியது. அம்மா ஆண்டுதோறும் சொன்னது ஏறவில்லை.

தோட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதினேன். பட்டதாரித் தமிழில், பிழையின்றி, பணிவாக. மூன்று வாரமாகியும் பதில் இல்லை. பக்கத்துக் காம்பராக்களிலும் அதே சுவர், அதே ஈரம். ஒரு வீட்டுக்கு மட்டும் கான் வெட்டினால் நீர் அடுத்த வீட்டுச் சுவரில் போய் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லயம் முழுவதும் மண்வெட்டியோடு இறங்கியது. கணக்குப்பிள்ளை ஒருவர் வந்து, யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். அம்மா அவருக்கு ஒரு கோப்பை சாயத்தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சுவரை ஒட்டிய மண்ணை அகற்றி, கானை லயத்தின் கோடிவரை வெட்டிப் பீலிக்கரைக்குக் கீழே திருப்பிவிட்டோம். உள்ளே, உப்புப் பூத்த பழைய சீமெந்துப் பூச்சை அவன் இடுப்பளவுக்குக் கொத்தி எடுத்துவிட்டான். கல்லை மூச்சுவிட விடவேண்டும். தையில் வெயில் கண்டபின் சுண்ணாம்புச் சாந்து பூசலாம், சீமெந்து வேண்டாம் என்கிறான். சீமெந்து ஈரத்தை உள்ளே பூட்டிவைக்குமாம். அடுப்படிக்கு மேல் புகையும் ஆவியும் போக ஒரு கூண்டும் வைத்தாயிற்று.

கூலி வாங்க மறுத்துவிட்டான். நான்கு பலகைகளில் இரண்டைத் தன் அடுத்த வேலைக்கு விலை கொடுத்து எடுத்துக்கொண்டான். மற்ற இரண்டும் என் வாடகை வீட்டில், தரையில் படாமல் மரக்கட்டைகள்மேல் படுத்துக் கிடக்கின்றன. நிமிர்த்திச் சாத்தினால் வளைந்துவிடும் என்பது அவன் கட்டளை. காம்பராவுக்கும் அடுப்படிக்கும் நடுவிலுள்ள பலகைத் தடுப்பில், அடுப்பின் சூடு நேரே படாத பக்கமாக அவற்றை அறையப்போகிறோம். ஒரு காம்பராவில் பிடித்த தீ லயம் முழுவதும் ஓடும் ஊர் இது. அங்கே அது சிறிதாவது பயன்படும் என்கிறான். அம்மா இப்போது காலையில் எழுந்ததும் பின்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். நேற்றுத் தொலைபேசியில் பேசியபோது, மேலே காய்ந்துவிட்டது, கீழே மட்டும் இன்னும் ஒரு சாண் இருக்கிறது என்றார்.