காசி ராஜாவின் கிணறு

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் லண்டன் கோட்டையையும் அங்கே வைத்திருக்கும் கோஹினூர் வைரத்தையும் பார்க்காமல் திரும்புவதில்லை. நாமும் பார்த்தோம். வரிசையில் நின்று, பணம் கொடுத்து, நம் நாட்டு வைரத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று தரிசித்துவிட்டு வந்த அன்றிரவு நமக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. நாம் தங்கியிருந்தது ரெடிங் நகரத்தில், என்ஜினீயராக இருக்கும் பழைய மாணாக்கர் ஒருவரின் வீட்டில். அவர் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஸார், இவர்கள் நம்மிடம் எடுத்துக்கொண்டதைப் பார்த்தீர்கள். நம்மிடம் தானமாக வாங்கிக்கொண்டது ஒன்றும் இருக்கிறது. நாளைக்கு அழைத்துப் போகிறேன், கொஞ்சம் நடக்க வேண்டும்" என்றார்.

மறுநாள் காலை ஸ்டோக் ரோ என்னும் கிராமத்தில் இறங்கினோம். ஆக்ஸ்போர்டு ஜில்லாவில், சில்டர்ன் குன்றுகளின் மேல், பீச் மரக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது அந்தச் சிற்றூர். முன் காலத்தில் அந்தப் பிரதேசத்துக் காடுகளில் நாற்காலிக் கால்களைக் கடைந்து பிழைத்த ஏழைத் தொழிலாளிகள் பலர். சுற்றுவட்டாரத்தில் செங்கல்லுக்காக மண் எடுத்த பள்ளங்களும் உண்டு.

முதலில் 1846-ல் கட்டிய பரிசுத்த யோவான் தேவாலயத்தைப் பார்த்தோம். சுவர் முழுவதும் சக்கிமுக்கிக் கல். சுண்ணாம்புப் பாறையில் விளைவது அந்தக் கல். அது கண்ணுக்கு அழகு. ஆனால் அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதே பாறையினால்தான். எவ்வளவு மழை பெய்தாலும் சுண்ணாம்புப் பாறை உறிஞ்சிக் கீழே விட்டுவிடும். எங்கே பார்த்தாலும் பச்சைப் பசேலென்று இருக்கும் ஊரில், ஜனங்கள் குட்டைத் தண்ணீரையும், மண் எடுத்த பள்ளங்களில் தேங்கிய மழை நீரையும் குடித்துக் காலம் தள்ளினார்கள்.

தெரு வழியாகச் சிறிது தூரம் நடந்ததும் நம் கால்கள் தாமாகவே நின்றன. ஆங்கிலேயக் கிராமத்து வீடுகளுக்கு நடுவே, காசி நகரத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தாற்போல ஒரு மண்டபம்! நாலு பக்கமும் திறந்த தூண்கள். மேலே கீழ்நாட்டுப் பாணியில் குமிழ்க் கூரை. உயரம் 23 அடி. கூரையின் கீழே, இறைக்கும் இயந்திரத்தின் மேல் ஒரு பொன்னிற யானை. அருகில் கிணற்றுக் காவலருக்கென்று கட்டிய சிறு குடில். பின்னால் செர்ரித் தோட்டம்.

இதன் கதை ஒரு சிறுவன் பட்ட அடியில் தொடங்குகிறது. பக்கத்து ஊரான இப்ஸ்டெனைச் சேர்ந்த எட்வர்ட் ஆண்டர்டன் ரீட் என்பவர் நம் நாட்டில், வடமேற்கு மாகாணத்தில், உத்தியோகம் பார்த்தார். 1831-ல் ஆஸம்கரில் ஜனங்களுக்காக ஒரு கிணறு வெட்டுவித்தார். காசி மகாராஜா ஈசுவரீ பிரஸாத நாராயண ஸிங்குக்கு அவர் சிநேகிதர். ஒரு நாள் பேச்சுவாக்கில் தம் ஊர்ப் பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டத்தைச் சொன்னார். வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காக ஒரு தாய் தன் மகனை அடித்ததையும் சொன்னார். ராஜா அதை மறக்கவில்லை. பல வருஷம் கழித்து, இங்கிலாந்தில் ஒரு தர்மம் செய்ய விரும்பியபோது அந்தச் சிறுவன்தான் அவர் நினைவுக்கு வந்தான்.

1863-ல் வெட்டத் தொடங்கினார்கள். அகலம் நாலடி, ஆழம் 368 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி உயரம் என்பதை வாசகர்கள் நினைவுகூர்ந்தால் இந்த ஆழம் மனத்தில் பதியும். அவ்வளவும் மனிதர்கள் கையால் வெட்டியது. கிணற்றுக்கு ஆன செலவு 353 பவுன் 13 ஷில்லிங் 7 பென்ஸ். 1864 மே மாதம் 24-ந் தேதி, விக்டோரியா ராணியின் பிறந்த நாளன்று, திறந்து வைத்தார்கள். தண்ணீருக்குக் காசு இல்லை. கோயிலுக்கு மானியம் விடுவது போல, பராமரிப்புச் செலவுக்கென்று செர்ரித் தோட்டம் வைத்து, ராஜாவின் பெயரால் 'ஈஸ்ரீ பாக்' என்று அழைத்தார்கள். ஒரு வாளி மேலே வரப் பத்து நிமிஷம் சுற்ற வேண்டுமாம். எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஜனங்கள் அப்படிச் சுற்றிக் குடித்திருக்கிறார்கள்.

நமக்கு உண்டான பெருமிதத்தைச் சொல்லி முடியாது. இந்தியா கை ஏந்திய நாடு என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். இதோ, கொடுத்த கை! பள்ளிக்கூடத்தில் சரித்திர வகுப்பில் இதைச் சொல்லும் காட்சியைக் கற்பனை செய்துகொண்டே மண்டபத்தை மும்முறை சுற்றி வந்தோம்.

மாணாக்கர் மட்டும் பேசாமல் நின்றார். "என்ன யோசனை?" என்று கேட்டோம்.

"கோபித்துக்கொள்ளக் கூடாது, ஸார். 1857-ல் இந்த ராஜா வெள்ளைக்காரர் பக்கம் நின்றவர்தானே? 1860, 61-ல் ஆக்ரா, டில்லிப் பக்கம் பெரும் பஞ்சம். ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த காலம். அதற்கு இரண்டு வருஷத்துக்குள் இங்கே கிணறு! தர்மம்தான்; ஆனால் அதில் ராஜபக்தி எவ்வளவு, தயை எவ்வளவு?"

நாம் கற்றுக்கொடுத்த சரித்திரத்தை நமக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். பதில் சொல்ல நமக்குச் சிறிது நேரம் பிடித்தது. "இரண்டும் கலந்திருக்கலாம், அப்பா. ஆனால் ராணியைச் சந்தோஷப்படுத்த வேண்டுமானால் லண்டனிலேயே ஒரு சலவைக்கல் மண்டபம் கட்டியிருக்கலாம். யாரும் அறியாத குன்றின் மேல், நாற்காலிக் கால் கடைகிறவன் வீட்டுக்குத் தண்ணீர் கொடுத்தாரே, அந்தப் பங்கு தயைதான்" என்றோம்.

தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவர் எங்களைப் பார்த்துப் புன்னகையுடன் வந்தார். தம் பாட்டி சிறுமியாக இருந்தபோது இங்கே தண்ணீர் இறைத்ததைச் சொன்னார். "உங்கள் ஊரில் இப்படிக் கிணறு கட்டுவது வழக்கமா? யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா?" என்று வெகு சாதாரணமாகக் கேட்டார்.

"வழக்கம்தான்" என்று முதல் கேள்விக்கு உடனே பதில் சொன்னோம். இரண்டாவது கேள்விக்கு நாக்கு எழவில்லை.

நம் சிறு பிராயத்தில், பாட்டனார் வீட்டுக்கு எதிரே பொதுக் கிணறு ஒன்று இருந்தது. தர்மத்துக்கு வெட்டியது என்று கல்லில் எழுதியிருக்கும். காலை வேளையில் சேரியிலிருந்து ஓர் அம்மாள் குடத்துடன் வந்து, கிணற்றிலிருந்து இருபது அடி தள்ளி நிற்பாள். யாராவது மனமிரங்கி இறைத்து ஊற்றும்வரை நிற்பாள். ஒரு நாள் நாம் வாளியை எடுக்கப் போனபோது வீட்டிலிருந்து அதட்டல் வந்தது. வாளியை வைத்துவிட்டோம். 1927-ல் டாக்டர் அம்பேத்கர் மகாட் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததும், 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம் கிணறு, குளம் என்று பெயர் சொல்லியே எல்லோருக்கும் உரிமை கொடுத்ததும் நாம் பின்னால் புத்தகத்தில் படித்தவை. அந்த அம்மாள் நின்றது அந்தச் சட்டம் வந்து பல வருஷங்கள் கழித்து.

காசி ராஜா ஏழு கடல் தாண்டி முகம் அறியாதவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். நமக்கு இருபது அடி தாண்ட முடியவில்லை.

முதியவருக்கு ஒருவாறு பதில் சொன்னோம்: "எல்லோரும் எடுக்க வேண்டும் என்றுதான் வெட்டினார்கள். எல்லோரையும் எடுக்க விடுவதற்கு நாளாயிற்று. சில இடங்களில் இன்னும் ஆகிக்கொண்டிருக்கிறது." அவர் தலையசைத்துவிட்டு, தோட்டத்துக் கோடியிலிருந்த மீன் வடிவக் குளத்தைக் காட்ட அழைத்துப் போனார்.

பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளுக்கு ஸ்டோக் ரோவைப் பற்றிச் சொல்லப்போகிறோம். கோஹினூரைப் பற்றிக் கேட்டால் அதையும் ஒளிக்காமல் சொல்வோம். ஆனால் குடத்துடன் நின்ற அம்மாளைச் சொல்லாமல் அந்தப் பாடத்தை முடிப்பதில்லை என்று ரெடிங்குக்குத் திரும்பும் வழியிலேயே தீர்மானித்துவிட்டோம்.