வாத்தியாரின் புல்லட்

"தெரியாது" என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒருவர் வண்டியைக் கெடுத்தேன். கெடுத்ததை மறைக்கப் பொய்யும் சொன்னேன்.

திண்டிவனத்தில் நான் புல்லட் மெக்கானிக். கை பழகியது பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜினில். இன்ஜின் ஆறியதும் வலப்பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றி, பிஸ்டனைக் கம்ப்ரஷனில் மேலே நிறுத்தி, புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்போம். தடையில்லாமல் உருளணும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அந்த விரல் கணக்குதான் என் பெருமை.

2009-இல் யு.சி.இ. என்ற புது வகை இன்ஜினோடு கிளாசிக் 350 வந்தது. அதில் ஹைட்ராலிக் டேப்பெட். உள்ளே சின்ன பிளஞ்சர், ஸ்பிரிங், பால் வால்வு. ஆயில் நிரம்பி வால்வு இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். செட்டிங் பார்க்க மூடியே கிடையாது. என் விரலுக்கு வேலையில்லை என்பதாலேயே அது எனக்குப் பிடிக்காமல் போனது. கற்றுக்கொள்ளவும் இல்லை. கேட்டவர்களிடம் "நம்ம ஊர் வெயிலுக்கு ஹைட்ராலிக் ஆகாது" என்று சொல்லிவந்தேன்.

விழுப்புரத்து வாத்தியார் ஒருவர் அந்த வண்டியை டேப்பெட் சத்தத்தோடு கொண்டுவந்தார். போரிங் வேலையும் இருந்ததால் இன்ஜினை இறக்கினேன். ஆயில் தார் மாதிரி இருந்தது. புது ஃபில்டர், சரியான ஆயில், மிஞ்சிப்போனால் புது டேப்பெட், அதோடு முடிந்திருக்கும். "சாலிட் டேப்பெட் போட்டுடலாம் சார்" என்றேன். "உங்களுக்குத் தெரியாததாண்ணே" என்றார். பிளஞ்சர் இருந்த இடத்தில் லேத்தில் கடைந்த இரும்புத் துண்டைப் போட்டேன்.

ஓட ஓட வால்வு சீட்டில் இறங்கும். தண்டு மேலேறி இடைவெளி குறையும். ஹைட்ராலிக் அதற்கு இடம் கொடுக்கும். பழைய இன்ஜினில் புஷ்ராடைத் திருகிக் கொள்ளலாம். இந்தப் புஷ்ராடில் அட்ஜஸ்ட்மென்டே கிடையாது. எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடாமல் விளிம்பு கருகி, விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது.

ஹெட்டைக் கழற்றியதுமே எனக்குப் புரிந்தது. "பெட்ரோல் சரியில்ல சார்" என்றேன். வால்வுக்கும் கூலிக்கும் காசு வாங்கினேன். சாலிட் போட்டதைக்கூட அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அந்தப் பெயரும் கிடையாது. அவருக்குச் சொல்லாமல் புது ஹைட்ராலிக் டேப்பெட்டையே திருப்பிப் போட்டு அனுப்பினேன்.

2020-இல் வந்த மீட்டியர் வண்டியில் புல்லட் கம்பெனியே ஸ்க்ரூ டேப்பெட்டுக்குத் திரும்பியது. பார்த்தீர்களா என்று சொல்லிக்கொள்ள ஆசை வந்தது. ஆனால் அந்த இன்ஜினை அதற்கென்றே செய்திருக்கிறார்கள். மேல்மூடியைத் திறந்தால் ஸ்க்ரூ கைக்கு எட்டும். அது எனக்குச் சாட்சியாகாது.

வண்டி நன்றாக ஓடுகிறது. வாத்தியார் தன் நண்பர்களிடம் "சாலிட் போடுங்க, என் வண்டியப் பாருங்க" என்று சொல்லி என்னிடம் அனுப்புகிறார். வேண்டாம் என்று தடுத்துவிடுகிறேன். ஏன் என்று கேட்டால், அவர் வண்டியில் இருப்பது ஹைட்ராலிக்தான் என்று சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.