உம்மாவின் உரல்

நானாவிடம் ஒரு பழைய மடிக்கணினியும் ஒரு பக்கம் மட்டும் கேட்கும் ஹெட்போனும் இருக்கின்றன. இரவில் எல்லோரும் உறங்கிய பிறகு அவர் 'பீட்' செய்வார். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தையும் உம்மா உரலில் இடிக்கும் சத்தத்தையும் கைபேசியில் பதிந்து, துண்டு துண்டாக வெட்டி, தாளமாக அடுக்குவார். பாடுவதற்கு ஆள் தேடும் இசை அது.

"இதெல்லாம் கூடாது மகன்" என்று உம்மா சொல்லாத நாளில்லை.

நானா அதை யூடியூபில் ஏற்றுவார். ஒரு வாரத்தில் 41 பேர் பார்த்திருப்பார்கள். அதில் பாதி நான்தான்! தேடுபவர்களின் கண்ணில் படவேண்டுமென்றால் ஏதாவதொரு பிரபல பாடகரின் பெயரைப் போட்டு, 'இவரது பாணியில்' என்று தலைப்பிட வேண்டுமாம். தன்னுடைய இசையை நாலுபேர் கேட்க, முதலில் இன்னொருவரின் பெயரை எழுத வேண்டியிருக்கிறது. 'இலவசம், என் பெயரைக் குறிப்பிட்டால் போதும்' என்றுதான் நானா கீழே எழுதுவார்.

ஒருநாள் டியூஷன் வகுப்பில் தோழியொருத்தி புதிய பாட்டொன்றைக் கேட்கத் தந்தாள். அதற்குள் எங்கள் உம்மாவின் உரல் இடித்துக்கொண்டிருந்தது. பாடியவர், வரி எழுதியவர், படம் பிடித்தவர் என்று எல்லோருடைய பெயரும் இருந்தது. நானாவின் பெயர் மட்டும் இல்லை.

"பரவாயில்ல, கேக்குறாங்கதானே" என்றார் நானா. எனக்குத்தான் ஆறவில்லை. 2021இல் 'மெனிக்கே மகே ஹிதே' பாட்டை முணுமுணுக்காதவர் இல்லை. யொஹானியை எல்லோருக்கும் தெரியும். அதற்கு இசையமைத்த சமத் சங்கீத்தை எங்கள் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தேடிப் பார்த்தேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓர் ஆக்கம் உருவான கணத்திலிருந்தே அதற்குப் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. ஆக்கியவரின் பெயரைக் குறிப்பிடும்படி கேட்கும் உரிமையும் அதில் இருக்கிறது.

இதை நானாவிடம் வாசித்துக் காட்டியபோது உம்மா குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கையைத் துடைத்தபடி வந்தார்.

"கூடுமா கூடாதா எண்டத பொறகு பேசுவம். நித்திர முழிச்சுச் செஞ்சது நீ. அது உன்ட ஹக்கு. பேரப் போடச் சொல்லி கேளு மகன்."

நானா கேட்டார். பாடியவர் இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்டு, பாட்டின் கீழே ஒரு வரி சேர்த்தார். அதனால் நானா புகழடைந்துவிடவில்லை. அடுத்த பீட்டை 53 பேர்தான் பார்த்தார்கள்.

ஆனால் அன்றிரவு உம்மா என் கைபேசியை வாங்கினார். சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தார்.